உள்ளே கிடக்கும் பீஸும் ஆறாத புண்ணும்



பெண்கள் குழுக்கள் கூடும்போது சேமிப்புக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுத்திட்டம் என்று எதைப் பேசத் தொடங்கினாலும் கடைசியில் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், எனக்கு உள்ளுக்க இன்னும் பீஸ் கிடக்குது. டொக்டர்மார் எடுக்காமல் விட்டிட்டினம். அது ஏன்? இனி எடுக்க ஏலுமோ?" ஒருவர் கேட்டவுடன் பக்கத்தில் இருப்பவர் தன் தோளைத் தொட்டுக் காட்டுவார். இன்னொருவர் முழங்காலுக்கு மேலே சேலையை அழுத்திப் பிடித்து "எனக்கு இதில" என்பார். போர் 2009 மே மாதம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் போரின் இரும்பு இன்னும் எத்தனையோ பெண்களின் உடலுக்குள்ளே இருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் பல மனத்தாங்கல்கள் இருக்கின்றன. "நாங்கள் ஏழைகள் என்றபடியால் விட்டுவிட்டார்கள்", "அவசரத்தில் கவனிக்கவில்லை", "பீஸ் ஊர்ந்து ஊர்ந்து நெஞ்சுக்குப் போய்விடும்" என்றெல்லாம் பெண்கள் எண்ணி வருந்துகிறார்கள். வேறு சிலரோ இதற்கு நேர்மாறாக, உண்மையில் ஆபத்தான அறிகுறிகளைக்கூட "அது பழைய காயம்தானே" என்று ஒதுக்கி விடுகிறார்கள். பயப்பட வேண்டாததற்குப் பயப்படுவதும், பயப்பட வேண்டியதைக் கவனிக்காமல் விடுவதும் இரண்டுமே எங்களுக்குக் கேடு. ஆகவே இம்மாதம் இந்த விடயத்தைப் பற்றிப் பேசுவோம். இது வைத்திய ஆலோசனைக்குப் பதிலாக அமையாது. நீங்கள் வைத்தியரிடம் போகும்போது என்ன சொல்வது, என்ன கேட்பது என்பதற்கு ஒரு துணையாகவே இதை எழுதுகிறேன்.

எடுக்காமல் விட்டது ஏன்?

ஷெல் வெடிக்கும்போது அதன் இரும்பு உறை நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒழுங்கில்லாத, கூரான விளிம்புகளைக் கொண்டது. அது சதைக்குள் போகும்போது தனியே போவதில்லை. உடுத்திருந்த துணியின் நூல், மண், புல் எல்லாவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. "பீஸ் நெருப்பாகச் சுடும், அதனால் கிருமி இருக்காது" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அந்தச் சூடு கிருமியைக் கொல்லப் போதுமானதல்ல. போர்க்காயம் எல்லாமே அழுக்கான காயம் என்றே சத்திரசிகிச்சை வைத்தியர்கள் கருதுகிறார்கள்.

ஆகவே காயப்பட்டவர் வந்தவுடன் சத்திரசிகிச்சை நிபுணரின் முதல் வேலை பீஸைத் தேடுவதல்ல. மூச்சு வருகிறதா, இரத்தம் போவதை நிறுத்த முடியுமா என்று பார்ப்பதே முதல் வேலை. இரண்டாவது வேலை செத்துப்போன சதையையும் அழுக்கையும் வெட்டி அகற்றிக் கழுவுவது. செத்த சதைதான் கிருமிகளுக்குச் சாப்பாடு. அதை அகற்றினால் காயம் தானாக ஆறும். அதை விட்டுவிட்டுப் பீஸை மட்டும் எடுத்தால் காயம் அழுகும்.

இன்னொரு விடயத்தையும் பெண்கள் குறையாகச் சொல்வார்கள். "காயத்தைத் தைக்காமல் திறந்தபடி விட்டவை" என்பார்கள். அதுவும் கவனக்குறைவு அல்ல. அழுக்கான போர்க்காயத்தை உடனே தைத்து மூடினால் உள்ளே சீழ் கட்டும். அதனால் திறந்தபடி விட்டு, மருந்து கட்டி, நான்கைந்து நாள் கழித்துக் காயம் சுத்தமாக இருந்தால் தைப்பார்கள். உலகெங்கும் செஞ்சிலுவைச் சத்திரசிகிச்சையாளர்கள் கற்பிக்கும் முறையும் இதுதான்.

சரி, பீஸை ஏன் விட்டார்கள்? ஒரு சின்னத் துண்டு தொடையின் ஆழத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எடுக்க வேண்டுமானால் நல்ல தசையை வெட்டிக்கொண்டு போக வேண்டும். பக்கத்தில் நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுகின்றன. படத்தில் தெளிவாகத் தெரிகின்ற துண்டுகூடச் சதையைத் திறந்து பார்த்தால் கைக்கு அகப்படாது. தேடத் தேடக் காயம் பெரிதாகும். அது அங்கே சும்மா கிடப்பதால் வரும் தீமையைவிட, எடுக்கப் போவதால் வரும் தீமை பெரிதாக இருக்கலாம். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் விடுகிறார்கள்.

இதற்கு உலக வரலாற்றில் ஒரு பெரிய பாடம் உண்டு. 1881 ஜூலை 2 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் வொஷிங்டன் புகையிரத நிலையத்தில் சுடப்பட்டார். நாட்டின் பெரிய பெரிய வைத்தியர்கள் எல்லோரும் வந்தார்கள். குண்டைத் தேடிக் கழுவாத விரல்களையும் கருவிகளையும் காயத்துக்குள் மீண்டும் மீண்டும் விட்டுத் துழாவினார்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகம் பெல் உலோகத்தைக் கண்டறியும் கருவி ஒன்றைக்கூடச் செய்து கொண்டுவந்து பார்த்தார். குண்டு அகப்படவில்லை. காயம் சீழ் பிடித்து, செப்டெம்பர் 19 ஆம் திகதி அவர் இறந்தார். இறந்த பின் உடலைத் திறந்து பார்த்தபோது குண்டைச் சுற்றி உடல் தானே ஒரு உறை கட்டியிருந்தது. குண்டைத் தேடாமல் விட்டிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஜனாதிபதிக்கே தேடியது கேடாக முடிந்தது. ஆகவே "ஏழை என்றபடியால் எடுக்கவில்லை" என்ற எண்ணத்தை மனதிலிருந்து அகற்றி விடுங்கள்.

உடல் செய்யும் வேலை

எங்கள் உடல் கெட்டிக்கார உடல். வெளியிலிருந்து வந்த பொருளை அழிக்க முடியாவிட்டால் அதைச் சுற்றி நார் போன்ற ஒரு சுவரைக் கட்டிவிடும். பெரும்பாலான பீஸ்கள் இந்தச் சுவருக்குள் ஆயுள் முழுவதும் அப்படியே கிடக்கும். அவை ஊர்ந்து நெஞ்சுக்குப் போவதில்லை. இரத்தக்குழாய்க்குள்ளேயே விழுந்த துண்டு இரத்தத்தோடு ஓடுவது உண்டுதான். ஆனால் அது மிக அரிது. சில துண்டுகள் பல ஆண்டுகளுக்குப் பின் தோலுக்குக் கீழே மேலெழுந்து வருவதும் உண்டு. அப்படி வந்தால் வைத்தியசாலையில் விறைப்பு ஊசி போட்டு இலகுவாக எடுத்துவிடலாம். சவர அலகு கொண்டும் ஊசி கொண்டும் வீட்டில் கிண்டி எடுக்கக் கூடாது.

குளிர் காலத்திலும் மழைக்கு முன்னரும் பழைய காயம் வலிப்பதாகப் பலர் சொல்கிறீர்கள். அந்த வலி உங்கள் கற்பனை அல்ல. தழும்புக்குள் சிக்கிய நரம்பு, இறுகிய தசை, தேய்ந்த மூட்டு என்று அதற்குக் காரணங்கள் இருக்கலாம். அதற்கு மருந்தும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் இருக்கின்றன. வலி இருக்கிறது என்பதால் மட்டும் பீஸை எடுக்க வேண்டும் என்பதில்லை. எடுத்த பிறகும் வலி போகாமல் இருப்பவர்கள் உண்டு. ஆகவே எது வலியைத் தருகிறது என்று கண்டறிவதே முக்கியம்.

எப்போது எடுக்க வேண்டும்?

சில இடங்களில் கிடக்கும் பீஸை வைத்தியர்கள் அப்படியே விடமாட்டார்கள். அவை பின்வருமாறு.

1. முழங்கால், இடுப்பு, தோள் போன்ற மூட்டின் உள்ளே கிடப்பது. அது மூட்டைத் தேய்த்துவிடும்.

2. கண்ணுக்குள் கிடப்பது. இரும்புத் துண்டு கண்ணுக்குள் கறள் கட்டிப் பார்வையைக் கெடுக்கும்.

3. பெரிய நரம்பை அழுத்துவது. கை கால் விறைப்பு, மின்சாரம் அடிப்பது போன்ற வலி, பலம் குறைதல் என்பன இதன் அறிகுறிகள்.

4. பெரிய இரத்தக்குழாயை ஒட்டிக் கிடந்து அதைப் பாதிப்பது.

5. சுற்றிச் சீழ் கட்டியது.

6. தோலுக்கு அருகில் கிடந்து, இருக்கும்போதும் படுக்கும்போதும் செயற்கைக் கால் அணியும்போதும் உறுத்துவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷெல் துண்டுகள் பெரும்பாலும் இரும்பு. துப்பாக்கிக் குண்டின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஈயம். ஈயம் சதைக்குள் கிடந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. ஆனால் மூட்டு நீரிலோ முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நீரிலோ கிடந்தால் மெல்ல மெல்லக் கரைந்து இரத்தத்தில் சேரலாம். விளங்காத வயிற்று வலி, மலச்சிக்கல், இரத்தசோகை, தீராத களைப்பு என்பன வரலாம். இது அரிது. ஆனாலும் துப்பாக்கிக் குண்டு உடலில் இருப்பவர்கள் அதை வைத்தியரிடம் சொன்னால்தான் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வரும். பிள்ளை பெற நினைப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈயம் தாயிடமிருந்து கருவுக்கும் போகும்.

வைத்தியர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

முதலில் கேள்விகள். எப்போது காயப்பட்டீர்கள், ஷெல்லா, மிதிவெடியா, துவக்குச் சூடா, அப்போது என்ன சத்திரசிகிச்சை நடந்தது, இப்போது என்ன தொந்தரவு என்று கேட்பார். பிறகு கையால் தொட்டுப் பார்ப்பார். நாடி, தொடு உணர்வு, மூட்டின் அசைவு எல்லாம் பார்ப்பார். அதன் பின்னர்தான் படங்கள்.

எக்ஸ்றே படத்தை நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுப்பார்கள். ஒரு படத்தில் மேலோட்டமாகத் தெரிவது மற்றப் படத்தில் ஆழத்தில் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் இடத்தைத் தீர்மானிக்க முடியும். எக்ஸ்றே இரும்பைக் காட்டும். ஆனால் மரச்சிம்பு, பிளாஸ்ரிக் போன்றவை அதில் பெரும்பாலும் தெரியாது. மிதிவெடிகளில் பிளாஸ்ரிக் உறை கொண்டவை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். "எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை" என்று சொன்ன பிறகும் அதே இடத்தில் சீழ் வந்துகொண்டிருந்தால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். அல்ட்ரா சவுண்ட் ஸ்கானில் அவற்றைப் பார்க்க வாய்ப்பு உண்டு. தலை, நெஞ்சு, முள்ளந்தண்டு போன்ற இடங்களுக்கு சி.ரி. ஸ்கான் எடுப்பார்கள்.

காயப்பட்டவரின் உடலுக்குள் இரும்பைத் தேடும் இந்தக் கலையில் ஒரு பெண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி, 1914 இல் முதலாம் உலகப் போர் தொடங்கியபோது எக்ஸ்றே கருவிகளை வாகனங்களில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டுபோனார். அதற்காகவே வாகனம் ஓட்டப் பழகினார். 17 வயது மகள் ஐரீனையும் கூட்டிக்கொண்டு போனார். ஏறத்தாழ 150 பெண்களுக்கு எக்ஸ்றே எடுக்கப் பயிற்சி கொடுத்தார். கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்த்த தாய் அவர் என்பதையும் எங்கள் சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்பது மிகப் பலமான காந்தத்தால் வேலை செய்வது. உடலில் இரும்புத் துண்டு இருந்தால் அந்தக் காந்தம் அதை இழுக்கலாம், சூடாக்கலாம். கண்ணிலோ மூளையிலோ இருந்தால் பெரும் ஆபத்து. முதுகு வலிக்கோ தலையிடிக்கோ வைத்தியர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், "எனக்கு உள்ளே பீஸ் இருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஸ்கான் எடுக்கும் இடத்திலும் திரும்பச் சொல்லுங்கள். எல்லாப் பீஸ்களும் ஆபத்தானவை அல்ல. முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் சாதாரண வயிற்று ஸ்கானுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதற்குப் பயப்பட வேண்டாம்.

கவனிக்காமல் விடக்கூடாத நான்கு

முதலாவது, ஆறாத புண். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, முன்னங்காலில் பட்ட காயத்தோடு ஏறத்தாழ இருபது வருடம் வாழ்ந்தார். காயம் ஆறும், திரும்ப உடையும். துணியால் கட்டிக்கொண்டு வயல் வேலைக்குப் போவார். மூன்று பிள்ளைகளைக் கரைசேர்க்க வேண்டும். கடைசி ஒரு வருடத்தில் புண்ணின் விளிம்பு தடித்துப் பூக்கோவா போல வளர்ந்தது. மணமும் மாறியது. "மகளின்ர கலியாணம் முடியட்டும்" என்று நாளைத் தள்ளினார். கிளினிக்குக்குப் போனபோது வைத்தியர் புண்ணின் விளிம்பில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று முடிவு வந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டி வந்தது. நோய் வேறு இடத்துக்குப் பரவாததால் அவர் இன்று உயிரோடு இருக்கிறார். செயற்கைக் காலோடு நடக்கிறார். ஒரு வருடம் முந்திப் போயிருந்தால் கால் மிஞ்சியிருக்கலாம் என்று அவரே சொல்வார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

நீண்ட காலம் ஆறாத புண்ணிலும் எரிகாயத் தழும்பிலும் இப்படிப் புற்றுநோய் வருவதை 'மார்ஜொலின் புண்' என்பார்கள். 1828 இல் இத்தகைய புண்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு சத்திரசிகிச்சை வைத்தியரின் பெயர் அது. அரிய நோய்தான். ஆனால் காயப்பட்டுச் சராசரியாக 30 வருட அளவில், சிலருக்கு அதற்கு முன்னரே, வருவது அது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் காயப்பட்டவர்கள் இப்போது அந்தக் காலத்தில்தான் நிற்கிறார்கள். ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் ஆறாத புண், ஆறிய தழும்பில் திரும்ப உடைந்த புண், விளிம்பு தடிக்கும் புண், இலகுவில் இரத்தம் வரும் புண், மணம் மாறிய புண் எதையும் மருந்து மட்டும் கட்டிக்கொண்டு வைத்திருக்க வேண்டாம். "இதில் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டுமா?" என்று வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். துண்டு எடுத்தால் புற்றுநோய் பரவும் என்பது வீண் பயம். வடக்கில் தெல்லிப்பழையிலேயே புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது. 2011 இல் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த நிதி அந்தச் சிகிச்சை நிலையத்துக்கு உதவியது.

இரண்டாவது, எலும்பிலிருந்து வரும் சீழ். காயம் ஆறிய இடத்தில் ஊசித் துவாரம் போன்ற ஒரு ஓட்டை. அதிலிருந்து இடைக்கிடை சீழ் வடியும். சில நாள் காய்ச்சல். மருந்துக்கடையில் கப்சூல் வாங்கிப் போட்டால் அடங்கும், பிறகு திரும்ப வரும். இது பெரும்பாலும் உள்ளே செத்துப்போன எலும்புத் துண்டு கிடப்பதன் அடையாளம். அந்தத் துண்டை அகற்றாமல் எத்தனை கப்சூல் போட்டாலும் தீராது. மாறாக, கிருமிதான் மருந்துக்குப் பழகிவிடும்.

மூன்றாவது, துடிக்கும் வீக்கம். பழைய காயத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. கை வைத்தால் நாடி போலத் துடிக்கும். அல்லது பூனை உறுமுவது போல ஒரு அதிர்வு தெரியும். இது சீழ்க்கட்டி அல்ல. அன்று காயப்பட்ட இரத்தக்குழாய் பலூன் போல வீங்கியிருக்கலாம், அல்லது இரண்டு குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கலாம். இதற்கு எண்ணெய் போட்டு உருவக் கூடாது. யாரையும் கீறவும் விடக்கூடாது. கீறினால் இரத்தம் நிற்காது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். திடீரென்று பெரிதானாலோ இரத்தம் வந்தாலோ அந்த இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990 இலக்க இலவச அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

நான்காவது, வலிப்பு. தலையில் காயப்பட்டவர்களுக்குப் பல வருடங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். வியட்நாம் போரில் தலையைத் துளைத்த காயம் பட்ட அமெரிக்கப் படையினரை ஏறத்தாழ 15 வருடங்கள் தொடர்ந்து பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டோருக்கு வலிப்பு வந்திருந்தது. ஆகவே இது பேயும் அல்ல, செய்வினையும் அல்ல. நடிப்பும் அல்ல. மூளையில் உள்ள தழும்பின் வேலை. மருந்தால் பெரும்பாலானோருக்குக் கட்டுப்படும். பிள்ளை பெறும் வயதில் உள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வல்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவில் உள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்தினால் வலிப்புக் கூடித் தாயின் உயிருக்கே ஆபத்தாகும். கர்ப்பமாக நினைக்கும்போதே கிளினிக் வைத்தியரிடம் சொல்லுங்கள். வேறு மருந்துக்கு மாற்றுவதையும் போலிக் அமிலம் எடுப்பதையும் பற்றி அவர் சொல்வார்.

ஏன் போகாமல் இருக்கிறோம்?

நான் சமூகவியல் படித்தவள். நோயைப் பார்க்கும்போது அந்த நோயைச் சுமக்கும் ஆளின் வீட்டையும் சேர்த்துப் பார்க்கவே எனக்குத் தெரியும். பெண் தலைமை தாங்கும் வீட்டில் தாய் ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். பஸ் காசு வேண்டும். வீட்டில் கிழவியையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது? எல்லோருடைய வருத்தமும் முடிந்த பிறகுதான் தன்னுடைய வருத்தம் என்று பெண் பழக்கப்பட்டிருக்கிறாள். இது தனி ஒரு பெண்ணின் குறை அல்ல. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளுக்குப் பழக்கிய பழக்கம். ஆகவே அதை மாற்றுவதும் எல்லோருடைய வேலை. உங்கள் குழுவில் ஒருவர் கிளினிக்குக்குப் போகும் நாளில் இன்னொருவர் அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

கூச்சம் இன்னொரு காரணம். தொடை, மார்பு, பின்புறம் போன்ற இடங்களில் காயம் உள்ள பெண்கள் ஆண் வைத்தியரிடம் காட்டத் தயங்குகிறார்கள். உங்களைச் சோதிக்கும்போது பெண் தாதியோ பெண் உதவியாளரோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் தங்கையையோ தோழியையோ கூட வைத்திருக்கவும் கேட்கலாம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

மூன்றாவது காரணம் பயம். "காயத்தைக் காட்டினால் இயக்கத்தில் இருந்தனியோ என்று கேட்பினம்" என்று பெண்கள் மெதுவாகச் சொல்வதுண்டு. ஷெல் ஆள் பார்த்து விழவில்லை. பதுங்குகுழியில் பிள்ளையை அணைத்துக்கொண்டிருந்த தாய்க்கும் பட்டது, கஞ்சிக்கு வரிசையில் நின்ற சிறுமிக்கும் பட்டது. 2009 இல் பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைக் கப்பல்களில் கொண்டுவரப்பட்ட காயப்பட்டோரும் நோயாளரும் கூட வந்தோரும் ஏறத்தாழ 14,000 பேர். சிகிச்சைக்கு வைத்தியர் அறிய வேண்டியது, எதனால் பட்டது, எப்போது பட்டது, எங்கே பட்டது என்பவை மட்டுமே. அதற்கு மேலே நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை இல்லை. யார் எப்படிக் காயப்பட்டிருந்தாலும் வைத்தியம் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

கலியாணம் பேசும்போது தழும்பை மறைக்கச் சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலை விளங்குகிறது. ஆனால் உள்ளே பீஸ் இருப்பதையும் வலிப்பு இருப்பதையும் மறைத்துக் கட்டிக்கொடுத்த பிள்ளை, மருந்தையும் மறைக்க வேண்டி வருகிறது. கிளினிக்குக்கும் களவாகப் போக வேண்டி வருகிறது. அந்த மறைப்பு நாளைக்கு அவளுடைய உயிருக்கே உலை வைக்கும்.

கிளினிக்குக்குப் போகும்போது

பழைய டயக்னோசிஸ் காட், எக்ஸ்றே படம், கிளினிக் கொப்பி எது இருந்தாலும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். இடப்பெயர்வில் எல்லாம் தொலைந்துவிட்டது என்றால் கவலை வேண்டாம். ஒரு கொப்பித் தாளில் இவற்றை எழுதுங்கள்: காயப்பட்ட ஆண்டு, எதனால், எந்த வைத்தியசாலையில் சிகிச்சை, எத்தனை சத்திரசிகிச்சை, இரத்தம் ஏற்றினார்களா, எங்கெங்கே பீஸ் இருப்பதாகச் சொன்னார்கள், ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள், நீரிழிவு உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. அதைப் படம் பிடித்துத் தொலைபேசியிலும் வைத்திருங்கள். கர்ப்பமானால் முதல் நாளே குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள். வயிற்றிலோ இடுப்பு எலும்பிலோ முள்ளந்தண்டிலோ காயப்பட்டவர்களுக்குப் பிரசவத்தை எங்கே, எப்படிச் செய்வது, முதுகில் ஊசி போடலாமா என்று முன்கூட்டியே தீர்மானிக்க அது உதவும்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். முதலில் பக்கத்திலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். அங்கிருந்து துண்டு தந்து ஆதார வைத்தியசாலைக்கோ போதனா வைத்தியசாலைக்கோ சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அனுப்புவார்கள். சத்திரசிகிச்சை வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? எடுத்தால் என்ன ஆபத்து? வலி குறையுமா? எத்தனை நாள் வேலை செய்ய முடியாது? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைப்பது நீங்கள். 18 வயது கடந்த பெண்ணின் உடலுக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவள் அந்தப் பெண்தான். விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

வைத்தியர் சொன்னது விளங்கவில்லை என்றால், தமிழில் திரும்பச் சொல்லும்படி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எங்கள் மொழியில் வைத்தியத்தை விளக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1847 இல் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழைக் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். சத்திரசிகிச்சை பற்றிய ஆங்கில நூலை 'இரணவைத்தியம்' என்ற பெயரில் 1867 இல் தமிழில் வெளியிட்டார். 150 வருடங்களுக்கு முன்னரே எங்கள் மண்ணில் தமிழில் படிப்பித்த விடயம் இது. ஒரு தாய்க்கு அவளுடைய காலில் என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் சொல்ல இன்று முடியாமலா போகும்?

சகோதரிகளே, உள்ளே பீஸ் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு நாளும் பயந்து வாழ வேண்டாம். அது பெரும்பாலும் தன் பாட்டில் கிடக்கும். ஆனால் ஆறாத புண், வடியும் சீழ், துடிக்கும் வீக்கம், வலிப்பு ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் இந்தக் கிழமையே போங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் ஒழுங்கையில் துணியால் புண்ணைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் ஒருவர் இருப்பார். இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தேவையானால் கூடப் போங்கள்.

அடுத்த இதழில், செயற்கைக் கால் அணியும் சகோதரிகள் தங்கள் காலின் மிஞ்சிய பகுதியை எப்படிப் பராமரிப்பது என்பதைப் பார்ப்போம். அதுவரை உங்கள் உடலையும் உங்கள் பிள்ளையைப் போலக் கவனித்துக்கொள்ளுங்கள்.